யூத ப்ரீஸ்கூல் குழந்தையோடு குடும்பத்தையும் ஏன் அழைக்கிறது?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கேள்வி இது. மூன்று வயது மகளை, வீட்டுக்கு அருகில் உள்ள யூத சமூக மையத்தின் ப்ரீஸ்கூலில் சேர்த்திருக்கிறார்கள். "நாங்கள் யூதர்கள் இல்லை. நல்ல பள்ளி என்று பலரும் சொன்னதால் சேர்த்தோம். இப்போது வெள்ளிக்கிழமை பாட்டுக்கு வாருங்கள், பந்தல் போட வாருங்கள், ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் கூட்டி வாருங்கள் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. படிக்க வந்தது குழந்தை. குடும்பம் முழுவதையும் ஏன் கூப்பிடுகிறார்கள்? நாங்கள் எவ்வளவு தூரம் கலந்துகொள்ளலாம்?"

நானும் யூதர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பல வருடங்களாக டீச்சராக வேலை பார்க்கிறேன். இந்தப் பள்ளிகளில் யூதரல்லாத டீச்சர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் உள்ளே என்ன நடக்கிறது, அதற்குப் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. யூத மரபில் பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமை பெற்றோருடையது. "நீ வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும்" இவற்றைப் பிள்ளைகளிடம் பேசு என்று யூத வேதத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. பள்ளிக்கூடம் என்ற பேச்சே அங்கே கிடையாது. தந்தை பிள்ளைக்குச் செய்ய வேண்டியவற்றை, யூத சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் பட்டியல் போடுகிறது: தோரா (வேதம்) கற்பிக்க வேண்டும், திருமணம் செய்து வைக்க வேண்டும், ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும், நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்கிறார்கள் சிலர். அப்புறம் பள்ளி எங்கிருந்து வந்தது? அதற்கும் தல்மூத்திலேயே ஒரு கதை இருக்கிறது. தந்தை இருந்த பிள்ளைகள் தந்தையிடம் கற்றார்கள், இல்லாத பிள்ளைகள் கல்லாமலே போனார்கள். அதைப் பார்த்துத்தான், முதலாம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தின் தலைமை ஆசாரியராக இருந்த யோசுவா பென் கம்லா ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தாராம்.

ஆக, டீச்சர் பெற்றோரின் இடத்தில் நிற்பவர். வகுப்பில் கற்றது வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் எங்கள் இயக்குநர்கள் நினைக்கிறார்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு காரணம் இன்றைய அமெரிக்காவுக்கே உரியது. ப்யூ ஆய்வு மையம் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 2010-க்குப் பிறகு திருமணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணைவர் யூதர் அல்லாதவர். யூதராகப் பிறந்தவர்களிலும் பலர் சினகாக் (யூத வழிபாட்டுத் தலம்) பக்கம் போகாமலே வளர்ந்தவர்கள். இவர்களுக்குக் குழந்தை பிறந்து, இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டிய நிலை வந்து, நம்பிக்கையான ஓர் இடம் தேடும்போது ப்ரீஸ்கூலுக்கு வருகிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் நுழையும் முதல் யூத வாசல் அதுவாகவே இருக்கும். வெள்ளிக்கிழமைப் பாட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் அந்த எபிரேய வரிகள் தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் புதுசு என்று கூச்சப்படாதீர்கள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். என் கணிப்பில் இந்தப் பள்ளிகளின் மொத்த பலமும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. ஆண்டுவிழா வருடத்துக்கு ஒருமுறை, பெற்றோர் சந்திப்பு இரண்டு முறை. வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை நீளும் யூத ஓய்வுநாளான ஷப்பாத்தோ வாரம் தவறாமல் வருகிறது. யாரும் அதைத் திட்டமிட வேண்டியதில்லை, நாட்காட்டியே கொண்டுவந்து நிறுத்திவிடும். வியாழன் அன்றோ வெள்ளி காலையிலோ பிள்ளைகள் மாவு பிசைந்து, மூன்று திரியாகப் பின்னி, உள்ளங்கை அளவில் ஹல்லா ரொட்டி செய்கிறார்கள். வகுப்பில் ஒரு சின்ன ஒத்திகை நடக்கும்: இரண்டு மெழுகுவர்த்தி, திராட்சை ரசத்துக்குப் பதில் திராட்சை ஜூஸ், ரொட்டி, பாட்டு. அதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் உண்டியலில் ஒரு காசு போடும். வருடக் கடைசியில் அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்கும் பள்ளிகள் உண்டு.

சாயங்காலம் அந்த ரொட்டி ஒரு காகிதப் பையில் வீட்டுக்குப் போகிறது. இதை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். "வீட்டில் ஷப்பாத் கொண்டாடுங்கள்" என்று கடிதம் எழுதினால் பெற்றோர் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். தன் கையால் பின்னிய ரொட்டியோடு காரில் ஏறும் பிள்ளை சும்மா இருக்காது. விளக்கு எங்கே, ஜூஸ் எங்கே, எல்லாரும் உட்காருங்கள் என்று அதுவே ஆரம்பித்துவிடும். பையில் ஒரு தாளும் இருக்கும்: ஆசிமொழிகள் எபிரேய எழுத்தில், அதே உச்சரிப்பு ஆங்கில எழுத்தில், கீழே பொருள். எபிரேயம் படிக்கத் தெரியாத அம்மாவும் யூதரல்லாத அப்பாவும் யாரிடமும் போய்க் கேட்காமல் அன்றிரவு சேர்ந்து சொல்லிவிடலாம். பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் வழக்கமும் அந்தத் தாளில் இருக்கும். பையனை எப்பிராயீம், மனாசே போலவும், பெண்ணைச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போலவும் கடவுள் ஆக்கட்டும் என்று சொல்லி, எண்ணாகமத்தில் வரும் ஆசாரியரின் ஆசியையும் சேர்த்துச் சொல்வார்கள். சின்ன வயதில் இந்த ஆசியே பெறாத ஓர் அப்பா, முதல் தடவை தன் மகளின் தலையில் கை வைத்ததை என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்து போனார்.

இதோடு ஷப்பாத் பை என்று ஒன்றும் சுற்றி வரும். அதில் மெழுகுவர்த்தித் தண்டு, கிண்ணம், ரொட்டியை மூடும் துணி, ஒரு பொம்மை, ஒரு நோட்டு எல்லாம் இருக்கும். வாரம் ஒரு குடும்பம் அதை எடுத்துப் போய், வார இறுதியில் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதித் திருப்பித் தர வேண்டும். உங்கள் முறை வரும்போது முந்தைய பக்கங்களைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இருபது பேர் கூடிச் சாப்பிட்டிருப்பார்கள். இன்னொரு வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் பீட்சா சாப்பிட்டு விளக்கேற்றியிருப்பார்கள். பள்ளி எதையும் திருத்துவதில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஒரே மாதிரி கிடையாது என்பதைப் பெற்றோர் அந்த நோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிள்ளை ஷப்பாத் தலைவராக இருக்கும். அன்று அதன் வீட்டார் வகுப்புக்கு வருவார்கள். இது இஸ்ரேலிய பாலர் பள்ளிகளில் வெகு நாளாக இருக்கும் வழக்கம். அங்கே ஒரு பையன் ஷப்பாத்தின் அப்பாவாகவும் ஒரு பெண் அம்மாவாகவும் உட்காருவார்கள். பிறந்தநாள் வந்தால் தலையில் பூ கிரீடம் வைத்து, நாற்காலியோடு வயதின் எண்ணிக்கைக்குத் தூக்கி, அடுத்த வருடத்துக்காக இன்னும் ஒருமுறை தூக்குவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், முதல் சில வாரங்களை மறந்துவிடக் கூடாது. புதுப் பிள்ளையை ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகச் சொல்லாமல், முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது பல பள்ளிகளின் முறை. அந்த நாட்களில் பெற்றோர் வகுப்பிலோ வராந்தாவிலோ உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே அழுவது யார் குழந்தை என்று காதைத் தீட்டிக்கொண்டு நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். அந்த வாரத்தில் பழகியவர்கள் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போன பிறகும் தொடர்பில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் காப்பி இயந்திரத்தை ஆபீஸுக்குள் வைக்காமல் வராந்தாவில் வையுங்கள் என்று புது இயக்குநர்களிடம் சொல்வேன். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவைவிட, ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் உள்ள உறவே நிலைக்கிறது. டீச்சர் மாறுவார், இயக்குநர் ஓய்வு பெறுவார். குழந்தை பிறந்த வீட்டுக்கு முறை வைத்து இரவுச் சாப்பாடு கொண்டுபோவதும், துக்க வீட்டில் ஏழு நாள் ஷிவாவின்போது போய் உட்கார்ந்திருப்பதும் மற்றப் பெற்றோர்கள்தாம்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோர்களே கட்டத் தொடங்கி, லோரிஸ் மலகுஸ்ஸி வளர்த்தெடுத்த கல்வி முறையைப் பல யூத ப்ரீஸ்கூல்கள் விரும்பி எடுத்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளை சொன்னதையும் வரைந்ததையும் செய்ததையும் பதிவு செய்து சுவரில் வைப்பது அதில் முக்கியம். பெற்றோர் நின்று படிக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது இந்த இடத்தைச் செல்போன் ஆப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தினமும் எட்டுப் புகைப்படம் வந்துவிடுவதால் எல்லாம் தெரிந்துவிட்டது போல் தோன்றும். ஆனால் மாலையில் பெற்றோர் நின்று பேசுவது குறைந்துவிட்டது. படங்களைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு பத்தி நன்றாக எழுதி அனுப்பும் டீச்சரிடம் குடும்பங்கள் அதிகம் பேசுகின்றன என்பது என் அனுபவம்.

பள்ளிக்கு வெளியிலிருந்தும் ஒரு பெரிய துணை இருக்கிறது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஹரோல்ட் கிரின்ஸ்பூனின் அறக்கட்டளை 2005-இல் தொடங்கிய பிஜே லைப்ரரி, யூதப் பிள்ளைகளாக வளரும் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகத்தை வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறது. பாடகி டாலி பார்ட்டன் நடத்தும் புத்தகத் திட்டத்தைப் பார்த்துத்தான் கிரின்ஸ்பூனுக்கு இந்த யோசனை வந்தது. அட்டையின் மடிப்பில் பெற்றோருக்கான குறிப்பு இருக்கும், அதனால் வாசித்துக் காட்டும் பெரியவரும் சேர்ந்து கற்கிறார்.

பண்டிகைகளுக்கு வருவோம். உங்களை அழைத்த பந்தல் கூடாரப் பண்டிகைக்கானது; செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். மேலே இலை தழை வேய்ந்து, வானம் தெரியும்படி விட வேண்டும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களால் சொந்தமாகப் போட முடியாது, ஆகவே பள்ளி முற்றத்துப் பந்தலே அவர்களுடைய பந்தல். விருந்தாளியை அழைப்பது இந்தப் பண்டிகையின் முக்கியமான வழக்கம், அதனால் தயங்காமல் போங்கள். பேசத் தயங்கும் அப்பாக்களுக்குக் கையில் ஒரு சுத்தியலும் கயிறும் கொடுத்தால் போதும், அரை மணி நேரத்தில் நண்பர்களாகிவிடுவார்கள். யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையில் ஒருவருக்கொருவர் உணவுப் பொட்டலம் அனுப்ப வேண்டும், ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எஸ்தர் புத்தகமே சொல்கிறது. வகுப்பில் பிள்ளைகள் பொட்டலம் கட்டி இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். உங்கள் வீட்டுக்கும் வரும்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காதான் உங்களுக்கு நேரடியாகப் பாதிப்பு தரக்கூடியது, சாப்பாட்டு டப்பா வழியாக. கோஷர் எனும் யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் பள்ளிகளில் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவு பெரும்பாலும் இறைச்சி இல்லாததாக இருக்க வேண்டும், பால் பொருள் இருக்கலாம். நம் தயிர்சாதமும் இட்லியும் மற்ற நாட்களில் பொதுவாகச் சிக்கலில்லாமல் உள்ளே போகும். பஸ்கா வந்ததும் நிலைமை மாறும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒரு கோதுமை வகை) ஆகிய ஐந்து தானியங்களில் செய்த புளித்த உணவு எல்லா யூதருக்கும் விலக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட விலக்குவது வழக்கம். இட்லியில் இரண்டும் இருக்கின்றன! ஸ்பெயின் வழி வந்த செஃபார்தி யூதர்களில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்த ரபிகள் (மதகுருக்கள்) குழுவும் 2015-இல் அரிசி, பருப்புக்கு அனுமதி தந்தது. ஆகவே பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். இரண்டு வாரத்துக்கு முன்பே டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு, பழம், தயிர் எல்லாம் பொதுவாகச் சரிப்படும். பாக்கெட்டில் வாங்கினால் பஸ்காவுக்கான முத்திரை இருக்க வேண்டும்.

பஸ்கா விருந்தில் கடைக்குட்டிதான் நான்கு கேள்விகளைப் பாட வேண்டும். "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறாக இருக்கிறது?" என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பல வாரம் வகுப்பில் பழக்குவோம். அன்று இரவு மேசையில் தாத்தா பாட்டி முன் நாலு வயதுப் பிள்ளை அதைப் பாடும்போது, பள்ளி என்ன செய்கிறது என்று அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை. அதே விருந்தில் நான்கு விதமான பிள்ளைகளைப் பற்றிப் படிப்பார்கள். அதில் நான்காவது, கேட்கவே தெரியாத பிள்ளை. அதற்கு நீயே பேச்சைத் தொடங்கு என்பது கட்டளை. நல்ல டீச்சர்கள் இதைப் பெற்றோருக்கும் பொருத்திப் பார்ப்பார்கள். கேள்வி கேட்காமல் ஒதுங்கி நிற்கும் அம்மாவிடம் முதலில் போய்ப் பேசுவது எங்கள் வேலை.

சபாத் (Chabad) என்ற மரபுவழி யூத இயக்கத்தின் பள்ளியாக இருந்தால் மூன்று வயதுப் பையனின் முதல் முடிவெட்டுக்கும் அழைப்பு வரலாம். கூடியிருப்பவர்கள் ஆளுக்கொரு முடிக்கற்றை வெட்டுவார்கள். எபிரேய எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்கள். மொட்டையும் வித்யாரம்பமும் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே நிற்பதில் எந்த அந்நியமும் தெரியாது.

இனி கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பங்களை இவ்வளவு அழைக்கும் பள்ளியின் வாசலில் ஏன் காவலர், கேமரா, இரட்டைக் கதவு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 1999 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு யூத சமூக மையத்துக்குள் புகுந்து ஒருவன் சுட்டதில் சிறுவர்கள் உட்பட ஐந்து பேர் காயமடைந்தார்கள். 2017-இன் முதல் மாதங்களில் நாடு முழுக்க யூத மையங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. ப்ரீஸ்கூல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. 2018 அக்டோபர் 27-இல் பிட்ஸ்பர்க் சினகாக்கில் பதினொரு பேர் கொல்லப்பட்டார்கள். 2023 அக்டோபரில் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. இதற்கு ஒரு விலை இருக்கிறது. காரிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பள்ளிகளில் பெற்றோர் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமல் இதைச் சமாளிக்க வழி உண்டு: காவலருக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும், இயக்குநர் தினமும் காலையில் வாசலில் நிற்க வேண்டும், உள்ளே வந்துவிட்ட பெற்றோரை அவசரப்படுத்தி வெளியேற்றக் கூடாது. இந்த மூன்றையும் செய்யும் பள்ளியில் பூட்டிய கதவு யாரையும் உறுத்துவதில்லை.

இந்தப் பள்ளிகள் தவறும் இடங்களையும் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படி வருவார்கள்? வராத பெற்றோரின் பிள்ளை அன்று முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். எட்டரை மணிக்குப் பிள்ளையை விட வரும்போதே கால் மணி நேரப் பாட்டு, ஞாயிறு காலைக் கூடல், வெள்ளி மாலை ஐந்தரைக்கு எளிய சாப்பாடு என்று மாற்றிய பள்ளிகளில் அப்பாக்களும் வருகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் வரிசையாக வரும் விடுமுறைகள் அடுத்த சிக்கல். ஆபீஸுக்கு விடுமுறை இல்லை, பள்ளிக்கு உண்டு. இதைப் பற்றி நீங்கள் குறைப்பட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், யூதப் பெற்றோரும் அதையேதான் சொல்கிறார்கள். நாட்காட்டியை ஜூனிலேயே வாங்கி, இன்னும் இரண்டு குடும்பங்களோடு முறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, சினகாக் நடத்தும் பள்ளிகள் சில, பெற்றோரை வருங்கால உறுப்பினர்களாகவே பார்த்துச் சந்தாவைப் பற்றிச் சீக்கிரமே பேசிவிடுகின்றன. குடும்பங்கள் அதை உடனே உணர்ந்து ஒதுங்கிவிடும். ஐந்து வயதில் பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போனதும் உறவு அறுந்துபோவது இப்படிப்பட்ட இடங்களில்தான் அதிகம்.

நீங்கள் எவ்வளவு தூரம் கலந்துகொள்வது என்ற கேள்விக்கு என் பதில்: பாட்டு, பந்தல், பொட்டலம், தாத்தா பாட்டி நாள் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போங்கள். மதம் மாற்றும் நோக்கம் இவர்களுக்கு இல்லை. யூத மரபு வெளியாரைத் தேடிப் போய்ச் சேர்ப்பதில்லை. ஆசிமொழி சொல்ல மனமில்லை என்றால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்கள் மகள் வீட்டில் விளக்கேற்றும்போது எபிரேயப் பாட்டைப் பாடினால் தடுக்க வேண்டாம். சாமி பற்றி அவள் கேட்பதற்கு உங்கள் வீட்டு வழக்கப்படியே பதில் சொல்லுங்கள். டிசம்பரில் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் பிள்ளையிடம் உன் வீட்டில் செய்வது தப்பு என்று நாங்கள் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது போலவே, உங்கள் பூஜை அறையையும் மதிப்போம்.

உங்கள் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் இரண்டு விஷயம். குடும்பப் படங்கள் ஒட்டும் சுவர் வகுப்பில் இருக்கும். ஊரிலுள்ள தாத்தா பாட்டி படத்தையும், அவர்களை மகள் எப்படிக் கூப்பிடுவாள் என்பதையும் எழுதிக் கொடுங்கள், டீச்சர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே அவளைத் தேற்றுவார்கள். அடுத்து, பிறந்தநாளுக்கு வீட்டில் கேசரி கிளறி எடுத்துப் போகாதீர்கள். கோஷர் பள்ளியில் வீட்டுச் சமையலை மற்றப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ள விடமாட்டார்கள், கொண்டுபோன பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது எல்லாருக்கும் சங்கடமாகிவிடும். அதற்குப் பதிலாக, கோஷர் முத்திரை உள்ள ரவையும் வெண்ணெயும் வாங்கிக்கொள்ளுங்கள், முந்திரி வேண்டாம், கொட்டை வகைகளுக்குப் பெரும்பாலான ப்ரீஸ்கூல்களில் தடை இருக்கும். பள்ளிச் சமையலறையில் டீச்சரோடு சேர்ந்து பிள்ளைகளை வைத்தே கிளறலாமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த டீச்சரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்.